சப்ரூட்டீனா, தனி புரோகிராமா, சர்வீஸ் புரோகிராமா? ஆர்பிஜி கணக்கை எங்கே வைப்பது

37.5 கிலோ ரப்பர் பால். டிஆர்சி, அதாவது பாலில் உள்ள உலர் ரப்பரின் பங்கு, 33.7 சதவீதம். உலர் ரப்பர் கிலோவுக்கு 190 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தோட்டக்காரருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?

உலர் எடை 12.6375 கிலோ வருகிறது. இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கினால் 12.64, தொகை 2,401.60 ரூபாய். ஆனால் ஐபிஎம் இயந்திரங்களில் ஓடும் ஆர்பிஜி மொழியில் விடையை இரண்டு தசமம் உள்ள ஃபீல்டில் போடும்போது, ஹாஃப் அட்ஜஸ்ட் (முழுமையாக்கு) செய் என்று நாமாகச் சொல்லாவிட்டால் அது மீதியை வெட்டிவிடும். அப்போது 12.63 கிலோ, 2,399.70 ரூபாய். ஒரு புரோகிராமில் அதற்கான ஒற்றை எழுத்து இருந்து, இன்னொன்றில் இல்லாமல் போனால், பில்லுக்கும் வாரப் பட்டுவாடாவுக்கும் 1 ரூபாய் 90 காசு இடிக்கும். குமரி மாவட்டத்தின் குலசேகரத்திலோ அருமனையிலோ பால் அளக்கிற யாரும் அந்த 1.90-ஐ விடமாட்டார்கள். விடவும் கூடாது.

கட்டுரை ரப்பரைப் பற்றியது அல்ல. நாகர்கோவிலில் சின்ன ஆபீஸ் போட்டு வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஏஎஸ்/400 என்ற ஐபிஎம் கம்ப்யூட்டரைப் பராமரிக்கிறவர்களுக்கும், காலையில் ரயிலேறி திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு அதே வேலைக்குப் போகிறவர்களுக்கும் அடிக்கடி வரும் ஒரு கேள்வியைப் பற்றியது. பழைய ஆர்பிஜி புரோகிராம்களில் திரும்பத் திரும்ப வரும் கணக்கை எங்கே வைப்பது? புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு வெளிநாட்டுக் கம்பெனியின் டிஸ்கவுண்ட் விதியைச் சொன்னால் கண் சொருகிவிடும். பலர் வீட்டில் நாலு ரப்பர் மரமாவது நிற்கும் என்பதால் டிஆர்சி என்றால் உடனே பிடிபடும். அதனால் கடைசிவரை ரப்பர் பால் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு கொள்முதல் நிறுவனத்தைக் கற்பனை செய்யுங்கள். அந்தக் கணக்கு நான்கு இடத்தில் தேவை: பால் வரவு போடும் திரை, வாரப் பட்டுவாடா, தோட்டக்காரருக்குக் கொடுக்கும் பில், மாதக் கடைசி அறிக்கை. நான்கும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆள் எழுதியவை. நான்கிலும் அதே கணக்கு இருக்கிறது, ஆனால் அச்சு அசலாக ஒன்றுபோல இல்லை. இந்த மாதிரி சிஸ்டத்தைப் பார்க்காத ஆர்பிஜிக்காரர் இருக்கமாட்டார்.

சப்ரூட்டீன்: திட்டவும் வேண்டாம், கொண்டாடவும் வேண்டாம்

ஆர்பிஜி 1959-இல் ஐபிஎம் 1401 இயந்திரத்துக்காக வந்த மொழி. அறிக்கை அடிப்பதுதான் அப்போது அதன் வேலை. 1988 ஜூனில் ஏஎஸ்/400 வந்தபோது அதில் ஓடியது ஆர்பிஜி/400. அந்தக் காலத்தில் ஒரு வேலையைத் தனியாகப் பிரிக்க இரண்டே வழி: புரோகிராமுக்குள்ளேயே சப்ரூட்டீன், இல்லையென்றால் வெளியே இன்னொரு புரோகிராம். வெளியே கூப்பிடுவது அன்றைய இயந்திரத்துக்குப் பாரமான வேலை. எனவே எல்லாரும் சப்ரூட்டீன் பக்கம் போனார்கள். சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்வது நியாயமில்லை.

சப்ரூட்டீனின் நல்ல பக்கம், அது கண்முன்னே இருப்பது. சோர்ஸைத் திறந்து கீழே போனால் கணக்கு அங்கேயே நிற்கும். கெட்ட பக்கமும் அங்கேயே இருக்கிறது: அதற்கென்று சொந்த ஃபீல்டு கிடையாது. புரோகிராமில் உள்ள எல்லா ஃபீல்டும் எல்லாருக்கும் பொது. ஒரு சப்ரூட்டீன் ஐ என்ற ஃபீல்டை வைத்து லூப் ஓட்டிக்கொண்டிருக்கும். நடுவில் அது கூப்பிடும் இன்னொரு சப்ரூட்டீனும் அதே ஐ-யைத் தொட்டால் லூப் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. பாராமீட்டர் அனுப்ப முடியாது என்பதால், கூப்பிடும் முன் எடையை இந்த ஃபீல்டில் போடு, டிஆர்சியை அந்த ஃபீல்டில் போடு, விடையை மூன்றாவதிலிருந்து எடு என்று எழுதாத ஒப்பந்தம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அது தெரிந்த ஆள் வேலையை விட்டுப் போனால் ஒப்பந்தமும் போச்சு.

இதற்கு ஒட்டுப்போட்ட மாதிரி சிலர் சப்ரூட்டீனை ஒரு தனி மெம்பரில் (சோர்ஸ் வைக்கும் கோப்புப் பகுதியில்) எழுதி, நான்கு புரோகிராமிலும் காப்பி டைரக்டிவால் இழுத்துவிடுவார்கள். சோர்ஸ் ஒன்றாகிவிட்டது, உண்மைதான். ஆனால் ஃபீல்டு பெயர்கள் நான்கு புரோகிராமிலும் ஒன்றாக இருக்க வேண்டும், மெம்பரை மாற்றினால் நான்கையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். மூன்றைச் செய்துவிட்டு நாலாவதை மறந்தால் பழைய கணக்கும் புதிய கணக்கும் சேர்ந்து ஓடும். காப்பி மெம்பருக்கு ஒரு நல்ல உபயோகம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். கணக்கை வைக்க அது இடமில்லை.

தனி புரோகிராம்

இரண்டாவது வழி, பால் கணக்கை ஒரு புரோகிராமாக எழுதி மற்ற நான்கும் அதைக் கூப்பிடுவது. மாடுலர் என்ற சொல்லே காதில் படாத காலத்தில் இருந்து இதைச் செய்கிறவர்கள் உண்டு. இன்றைக்கும் நான் மட்டமாக நினைக்காத வழி இது. கணக்கை மாற்ற ஒரே ஆப்ஜெக்டைக் கம்பைல் செய்தால் போதும். எந்த லைப்ரரியில் இருக்கிறது என்று லைப்ரரி லிஸ்ட் பார்த்து ஓடும் நேரத்தில்தான் தேடும் என்பதால், டெஸ்ட் லைப்ரரியில் புதியதை வைத்துச் சோதிப்பதும் சுலபம். சிஎல் (சிஸ்டத்தின் கட்டளை மொழி), கோபால் (COBOL மொழி), பழைய ஆர்பிஜி எல்லாமே கூப்பிடலாம்.

இடிக்கிற இடம் பாராமீட்டர். பழைய கால் கட்டளை, அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ஒரே அளவைத்தான் சொல்கிறார்களா என்று பார்ப்பதில்லை. அது அனுப்புவது நினைவகத்தில் அந்த ஃபீல்டு இருக்கும் முகவரியை மட்டுமே. எடையை ஏழு இலக்கப் பேக்டு (ஒரு பைட்டில் இரண்டு இலக்கம் அடைக்கும்) ஃபீல்டாக அனுப்புகிறீர்கள். அது நான்கு பைட். வாங்கும் புரோகிராமில் ஒன்பது இலக்கம் என்று எழுதியிருக்கிறது. அது ஐந்து பைட் படிக்கும். நாலாவது பைட்டின் கடைசியில் உள்ள பிளஸ்-மைனஸ் குறியை அது இலக்கம் என்று எடுத்துக்கொள்ளப் பார்க்க, டெசிமல் டேட்டா எரர் வந்து ஜாப் நிற்கும். இது பரவாயில்லை, சத்தம் போட்டாவது நிற்கிறது. எழுத்து ஃபீல்டில்தான் ஆபத்து. பத்து எழுத்து இடத்தை அனுப்பி, உள்ளே இருப்பவர் முப்பது என்று நினைத்து எழுதினால், பக்கத்தில் இருக்கும் இருபது எழுத்தின் மேல் சத்தமில்லாமல் எழுதிவிடும். பெயர் ஃபீல்டை நிரப்பிய புரோகிராம் ஒழுங்காக முடிந்துவிடும். எங்கோ தூரத்தில் ஊர்ப்பெயர் தப்பாக வரும். எங்கே தேடுவீர்கள்?

ஆர்பிஜி ஃபோரில் ப்ரோட்டோடைப் (எந்தெந்தப் பாராமீட்டர், என்ன அளவு என்று முன்கூட்டியே சொல்லும் அறிவிப்பு) வந்தபின் இதற்கு மருந்து இருக்கிறது. புரோகிராம் கூப்பிடுவதற்கும் ப்ரோட்டோடைப் எழுதலாம்; அளவு பொருந்தாவிட்டால் கம்பைலரே மறுத்துவிடும். காப்பி மெம்பரின் நல்ல உபயோகம் இதுதான். ப்ரோட்டோடைப்பை ஒரே மெம்பரில் வைத்து, கூப்பிடும் நான்கு புரோகிராமும் காப்பி செய்ய வேண்டும். கூப்பிடப்படும் புரோகிராமும் காப்பி செய்ய வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் ப்ரோட்டோடைப் ஒன்றும் உள்ளே எழுதியிருப்பது இன்னொன்றுமாகப் போகலாம். கம்பைலருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பே கிடைக்காது.

மற்றபடி இதன் குறை, விடை திரும்பி வராது என்பது. விடைக்கும் ஒரு பாராமீட்டர் வைக்க வேண்டும். அப்புறம், ஒவ்வொரு சின்னக் கணக்குக்கும் ஒரு புரோகிராம் என்று போனால் லைப்ரரியில் பத்து எழுத்துக்கு மிகாத பெயர்களாகக் குவியும். வேகம் பற்றிய பயம் இப்போது பெரும்பாலும் பழைய கதை. லட்சக்கணக்கான ரெக்கார்டு ஓடும் லூப்புக்குள் வைத்தால் மட்டும் தெரியும்.

ப்ரொசீஜர் வந்த பிறகு

1994-இல் ஐஎல்இ என்ற புதிய புரோகிராம் கட்டும் முறையும் ஆர்பிஜி ஃபோரும் வந்தன. ஓரிரு ஆண்டில் சப்ப்ரொசீஜர் (சுருக்கமாக ப்ரொசீஜர்) சேர்ந்தது. 2001-இல் சிஸ்டத்தின் வி5ஆர்1 பதிப்பில் கணக்குப் பகுதியை ஃப்ரீ ஃபார்மில் எழுத விட்டார்கள். 2013-இல் டெஃபினிஷன் பகுதிக்கும் கட்டம் பார்த்து எழுதுகிற வேலை போனது. இவ்வளவு நாளாகியும், இருபது ஆண்டு அனுபவம் என்று பயோடேட்டாவில் போட்டவர்கள் சிலர் ப்ரொசீஜர் என்றால் ஒதுங்குகிறார்கள். காரணம் மொழி இல்லை. கம்பைல் செய்யும் விதம் மாறியதுதான். ஒரே கட்டளையில் புரோகிராம் உருவான இடத்தில் இப்போது மாட்யூல் (தனியாக ஓடாத கம்பைல் துண்டு), பைண்டிங் டைரக்டரி (இணைக்க வேண்டியவற்றின் பட்டியல்), ஆக்டிவேஷன் குரூப் (ஒரு ஜாப்புக்குள் புரோகிராம்கள் ஓடும் பிரிவு) என்று ஏகப்பட்டது வந்து நிற்கிறது. பார்த்தவுடனே மூடி வைக்கத் தோன்றும்.

ஆனால் முதல் படிக்கு அதெல்லாம் எதுவுமே வேண்டாம். அதே புரோகிராமுக்குள்ளேயே ப்ரொசீஜர் எழுதலாம். கம்பைல் செய்யும்போது டிஃபால்ட் ஆக்டிவேஷன் குரூப் வேண்டாம் என்று சொன்னால் போதும். அதைச் சொல்லாவிட்டால் கம்பைலர் ப்ரொசீஜரை ஏற்காது. சொந்த ஃபீல்டுகள் கிடைக்கின்றன, பாராமீட்டர் கிடைக்கிறது, விடை திரும்பி வருகிறது. தமிழில் எழுதிக் காட்டினால் இப்படி:

தொகை = பால்தொகை(எடை : டிஆர்சி : விலை)

சப்ரூட்டீனில் ஏழெட்டு வரி மூவ் செய்து கூப்பிட்டு மறுபடி மூவ் செய்யும் இடத்தில் இந்த ஒரு வரி. படிக்கிறவருக்கு என்ன போகிறது, என்ன வருகிறது என்று அந்த வரியிலேயே தெரிகிறது. உள்ளே மாற்றப்படாத பாராமீட்டருக்குக் கான்ஸ்ட் என்று போட்டுவிட்டால் எடையை உள்ளே யாரும் மாற்றவும் முடியாது, வேறு அளவு ஃபீல்டை அனுப்பினாலும் கம்பைலரே மாற்றிக் கொடுத்துவிடும். ஒரே புரோகிராமில் மட்டும் தேவைப்படும் கணக்கென்றால் இங்கேயே நின்றுவிடுங்கள். இதற்கு மேல் போக ஒரு காரணமும் இல்லை.

நான்கு புரோகிராமுக்குத் தேவை என்றால்தான் அடுத்த கேள்வி வருகிறது. ப்ரொசீஜரைத் தனி மாட்யூலில் எழுதியாயிற்று. அதை எப்படி இணைப்பது? நகலாகவா, சுட்டிக்காட்டியா?

நகலாக இணைத்தால் மாட்யூல் ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடும். வேகம், எளிமை இரண்டும் உண்டு. ஆனால் இது கல்யாணப் பத்திரிகை கொடுத்த மாதிரி. கொடுத்தபின் முகூர்த்த நேரம் மாறினால் வீடு வீடாகப் போய்த் திருத்த வேண்டும். நான்கு புரோகிராமையும் அப்டேட் புரோகிராம் கட்டளையால் ஒவ்வொன்றாகப் புதுப்பிக்க வேண்டும், எந்தெந்தப் புரோகிராமில் நகல் இருக்கிறது என்று நினைவில் வைக்க வேண்டும். காப்பி மெம்பர் சப்ரூட்டீனுக்கு இருந்த அதே வியாதி, புது உடுப்பில். ஒரு பெரிய புரோகிராமைப் பிரித்துப் பல மாட்யூலாக எழுதி ஒன்றாகச் சேர்க்க மட்டும் இந்த வழியைப் பயன்படுத்துங்கள். பகிர்ந்துகொள்ளும் கணக்குக்கு வேண்டாம்.

சர்வீஸ் புரோகிராம்: ஏன், எங்கே கடிக்கும்

மிஞ்சுவது சர்வீஸ் புரோகிராம். ப்ரொசீஜர்கள் ஒரே ஆப்ஜெக்டில் இருக்கும். நான்கு புரோகிராமும் அதைச் சுட்டிக்காட்டும். ஹாஃப் அட்ஜஸ்ட்டை அந்த ஒரு இடத்தில் சரிசெய்து சர்வீஸ் புரோகிராமை மட்டும் மாற்றினால், திரை, பட்டுவாடா, பில், அறிக்கை எதையும் தொடாமல் நான்கும் சரியாகிவிடும். பகிர்ந்த கணக்குக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் ஓட்டுப் போடும் முன் இது கடிக்கும் இடங்களையும் சொல்லியாக வேண்டும். இதைப் பாதி படித்துவிட்டு இறங்கியவர்கள்தான் பிறகு "சப்ரூட்டீனே தேவலை" என்று திரும்பி வருகிறார்கள்.

முதல் கடி, சிக்னேச்சர். சர்வீஸ் புரோகிராம் வெளியே காட்டும் ப்ரொசீஜர் பட்டியலிலிருந்து ஒரு சிக்னேச்சர் உருவாகிறது. புரோகிராம் கட்டப்படும்போது அது அந்தப் புரோகிராமுக்குள் பதிவாகிவிடும். எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய் என்று சுலப வழியில் உருவாக்கியிருந்தால், நாளைக்கு ஒரு புது ப்ரொசீஜரைச் சேர்த்தவுடன் சிக்னேச்சர் மாறும். மறுபடி கட்டாத அத்தனை புரோகிராமும் தொடங்கும்போதே எம்சிஎச்4431 என்ற பிழையோடு விழும். காலையில் பால் வண்டி வந்து நிற்கும் நேரத்தில் வரவுத் திரை திறக்காது.

இதற்கு பைண்டர் சோர்ஸ் என்று ஒரு சின்ன மெம்பர் எழுத வேண்டும். பத்து வரிகூட வராது. இன்றைய எக்ஸ்போர்ட் பட்டியல் கரண்ட் என்று ஒரு கட்டு, முந்தைய பட்டியல் ப்ரீவியஸ் என்று ஒரு கட்டு. புதுப் ப்ரொசீஜரைப் பட்டியலின் கடைசியில் மட்டும் சேர்க்க வேண்டும்; நடுவில் நுழைத்தால் பழைய புரோகிராம் மூன்றாவது என்று நினைத்துக் கூப்பிட்டது வேறொன்றுக்குப் போய்விடும். பழைய கட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டே போவது சில இடங்களில் வழக்கம். வேறு சிலர் சிக்னேச்சரை நாமே ஒரு பெயராக எழுதி, என்றைக்கும் மாற்றாமல் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டாவது பிடிக்கும். வரி குறைவு, கடைசியில் மட்டும் சேர் என்ற ஒரே ஒழுங்கைக் காப்பாற்றினால் போதும்.

இங்கே ஒரு நுணுக்கம். சிக்னேச்சர் பார்ப்பது ப்ரொசீஜர்களின் பெயரும் வரிசையும்தான். பாராமீட்டரைப் பார்ப்பதில்லை. பால்தொகைக்கு நாலாவதாகப் பிடித்தம் என்று ஒரு பாராமீட்டர் சேர்த்தால் சிக்னேச்சர் அசையாது. பழைய புரோகிராம்கள் மூன்றை மட்டும் அனுப்பிக் கூப்பிடும், உள்ளே நாலாவது இருக்கிறது என்று நம்பிக் குப்பையைப் படிக்கும். எனவே புதுப் பாராமீட்டரைக் கடைசியில், அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை என்ற நோபாஸ் ஆப்ஷனோடு சேர்த்து, எத்தனை வந்திருக்கிறது என்று உள்ளே எண்ணிப் பார்த்த பிறகே தொட வேண்டும்.

இரண்டாவது கடி, ஆக்டிவேஷன் குரூப். சர்வீஸ் புரோகிராமுக்கு காலர் என்று விட்டுவிடுங்கள். கூப்பிடுகிறவர் எந்தக் குரூப்போ அதிலேயே ஓடும். தொல்லை வருவது மெயின் புரோகிராம்களில். பாதி புரோகிராம் பழையபடி டிஃபால்ட் குரூப்பிலும் பாதி பெயருள்ள குரூப்பிலும் ஓடினால், ஃபைல் ஓவர்ரைடு (ஒரு ஃபைலுக்குப் பதில் வேறொன்றைத் திறக்கச் சொல்வது) எதிர்பாராத இடத்தில் செல்லாமல் போகும். பெயருள்ள குரூப்பில் ஓடும் சிஎல் புரோகிராம் போட்ட ஓவர்ரைடு, தனியாக எதுவும் சொல்லாவிட்டால், அந்தக் குரூப்புக்குள் மட்டும்தான் செல்லும். டெஸ்ட் ஃபைலுக்குத் திருப்பிவிட்டோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, வேறு குரூப்பில் இருக்கும் புரோகிராம் நிஜ ஃபைலைத் திறக்கும். மாற்றுவதென்றால் ஒரு மெனுவின் கீழ் வரும் புரோகிராம்களை மொத்தமாக ஒரே குரூப்புக்கு மாற்றுங்கள். அங்கொன்று இங்கொன்றாக வேண்டாம்.

மூன்றாவது, எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது: நினைவு. சர்வீஸ் புரோகிராமில் மாட்யூல் அளவில் வைத்த ஃபீல்டு, ஆக்டிவேஷன் குரூப் உயிரோடு இருக்கும்வரை அப்படியே இருக்கும். மெயின் புரோகிராம் எல்ஆர் (வேலை முடிந்தது என்ற அடையாளம்) போட்டு முடிந்தாலும் அது அழியாது. வேகத்துக்காக அன்றைய விலையை ஒருமுறை படித்து வைத்துக்கொள்வோம் என்று யாராவது எழுதுவார்கள். ரப்பர் விலை தினமும் மாறும். நேற்று சைன் ஆன் செய்து திரையை மூடாமல் போனவருக்கு இன்றைக்கும் நேற்றைய விலையில் பில் வரும்; பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குச் சரியாக வரும். பால்தொகை மாதிரியான ப்ரொசீஜர் எதையும் நினைவில் வைக்கக் கூடாது. விலை பாராமீட்டராக வரட்டும்.

இவ்வளவையும் மீறி சர்வீஸ் புரோகிராம் பக்கம் நான் சாய்வதற்கு வெளியுலகம் ஒரு காரணம். அதில் இருக்கும் ப்ரொசீஜரை எஸ்கியூஎல் ஃபங்ஷனாகப் பதிவு செய்யலாம். வெப் பக்கமோ, ஜாவா புரோகிராமோ, எக்செல்லில் இழுக்கும் குவெரியோ அதே பால்தொகையைக் கூப்பிடும். ஹாஃப் அட்ஜஸ்ட்டை ஜாவாக்காரர் தன் பாணியில் மறுபடி எழுத வேண்டிய அவசியம் வராது. சப்ரூட்டீனால் இது முடியவே முடியாது.

வரிக் கணக்கையும் இதே கண்ணால் பாருங்கள். ஜிஎஸ்டி 2017 ஜூலை 1-இல் வந்தது. 2025 செப்டம்பர் 22-இல் பெரும்பாலான பொருட்கள் 5, 18 என்ற இரண்டு அடுக்குக்குள் வந்தன. சதவீதம் டேபிளில்தான் இருக்க வேண்டும், அதில் வாக்குவாதமே இல்லை. ஆனால் செப்டம்பர் 20 தேதியிட்ட பில்லுக்கு 25-ஆம் தேதி ரிட்டர்ன் வந்தால் எந்தத் தேதியின் சதவீதத்தைப் பார்ப்பது என்ற தீர்மானம் டேபிளில் உட்காராது. அது கோடில்தான் இருக்கும். இருபது புரோகிராமில் இருபது விதமாக இருப்பதைவிட ஒரு ப்ரொசீஜரில் இருக்கட்டும்; தப்பென்றாலும் ஒரே தப்பாக இருக்கும்.

அப்போ எதை எடுப்பது

நான் கேட்கும் கேள்வி இரண்டுதான். இந்தக் கணக்கு எத்தனை புரோகிராமில் இருக்கிறது? அது கடைசியாக எப்போது மாறியது? ஒரே புரோகிராமில் இருந்து பத்து ஆண்டாக யாரும் தொடவில்லை என்றால் சப்ரூட்டீனாகவே கிடக்கட்டும். ஒரே புரோகிராம், ஆனால் அடிக்கடி திறக்கிறீர்கள் என்றால், அடுத்த முறை திறக்கும்போது உள்ளேயே ப்ரொசீஜராக்குங்கள். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட புரோகிராமில் இருந்து, மாறவும் செய்கிறது என்றால் சர்வீஸ் புரோகிராம். பில் அடி, லெட்ஜரில் போஸ்ட் செய் என்பது மாதிரி தொடக்கமும் முடிவும் உள்ள முழு வேலை என்றால் தனி புரோகிராமே பொருத்தம். அதைப் ப்ரொசீஜராக்கினால் பெருமைக்குத்தான் உதவும்.

ஒரு சங்கடம் மிச்சம். நான்கில் ஒன்று இன்னும் பழைய ஆர்பிஜி த்ரீயில் இருந்தால் அதனால் ப்ரொசீஜரைக் கூப்பிடவே முடியாது. புரோகிராமை மட்டும்தான் கூப்பிடும். கன்வெர்ட் ஆர்பிஜி சோர்ஸ் கட்டளையால் அதை ஆர்பிஜி ஃபோருக்கு மாற்றலாம். பெரும்பாலும் ஒழுங்காகவே மாற்றும். ஆனால் அந்தப் புரோகிராமைச் சோதிக்க ஆளில்லை என்றால், இடையில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதுங்கள்: பாராமீட்டரை வாங்கி, பால்தொகையைக் கூப்பிட்டு, விடையைத் திருப்பித் தருவது மட்டும் அதன் வேலை. பழையது அதைக் கூப்பிடட்டும். கணக்கு ஒரே இடத்தில் இருக்கும், பழைய புரோகிராமும் தொடாமல் ஓடும். ஆபீஸில் மூத்தவர் ஒருவர் இருந்தால் "ஓடுத புரோகிராமத் தொடாத மக்ளே" என்பார். இந்த ஏற்பாட்டுக்கு அவரும் தலையாட்டுவார்.

எத்தனை சர்வீஸ் புரோகிராம் வைப்பது என்பதிலும் தடுமாறுகிறார்கள். ப்ரொசீஜருக்கு ஒன்று வேண்டாம். எல்லாம் ஒன்றிலும் வேண்டாம். புரோகிராம் தொடங்கும்போதே அது சுட்டும் சர்வீஸ் புரோகிராம்களும், அவை சுட்டுபவையும் பொதுவாகச் சேர்ந்தே எழும், ஒன்றில் கை வைத்தால் எல்லாருக்கும் நடுங்கும். பால், வரி, தேதி, தோட்டக்காரர் விவரம் என்று விஷயத்துக்கு ஒன்று போதும். பெயரைப் பார்த்தே எதில் தேடுவது என்று புது ஆளுக்குத் தெரிந்தால் சரி.

எடிட்டர் பற்றி ஒரு வார்த்தை. எஸ்இயு என்ற பழைய எடிட்டரின் இலக்கணச் சோதனை சிஸ்டத்தின் 6.1 பதிப்போடு நின்றுவிட்டது. புது மாதிரி டெஃபினிஷன் எழுதினால் அது பிழை என்று காட்டும், கம்பைலர் ஒழுங்காக ஏற்றுக்கொள்ளும். விஎஸ் கோடுக்கு இலவச எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குக் கல்லூரியிலேயே பழகிய எடிட்டர் என்பதால் ஏஎஸ்/400-இன் பச்சைத் திரையைவிட அதில் வேகமாக ஒட்டிக்கொள்கிறார்கள்.

மாற்றும் காலத்தைப் பொறுத்தவரை, பால் கணக்கென்றால் ரப்பர் இலை உதிர்க்கும் ஜனவரி, பிப்ரவரியில் வரவு குறையும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, ஒவ்வொரு பில்லையும் ஒப்பிட அதுவே தோது. மார்ச் கணக்கு முடிப்பு நடுவில் வேண்டவே வேண்டாம். வேறு தொழிலென்றால் அதன் சும்மா இருக்கும் மாதம் எது என்று கணக்குப்பிள்ளையிடம் கேளுங்கள், புரோகிராமரிடம் கேட்காதீர்கள்.

தொடங்கும் முன் டிஸ்ப்ளே புரோகிராம் ரெஃபரன்ஸ் கட்டளையை மொத்த லைப்ரரிக்கும் ஓட்டி, விடையை ஒரு ஃபைலில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் புரோகிராம் எந்த சர்வீஸ் புரோகிராமைச் சுட்டுகிறது, எதைக் கூப்பிடுகிறது, எந்த ஃபைலைத் தொடுகிறது என்று வரும். நகலாக இணைத்த மாட்யூல் மட்டும் அதில் தெரியாது. அதற்கு டிஸ்ப்ளே புரோகிராமில் மாட்யூல் பட்டியலைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஃபீல்டில் பெயரை வைத்து ஓடும் நேரத்தில் கூப்பிடும் கால்களிலும் புரோகிராமின் பெயர் கிடைக்காது. சோர்ஸில்தான் தேட வேண்டும். டிஆர்சி என்ற சொல்லைச் சோர்ஸ் முழுவதும் ஒருமுறை தேடினால், நான்கு என்று நீங்கள் நினைத்த புரோகிராம் ஆறாக வர வாய்ப்பிருக்கிறது.